ஏனுங்க, அங்க போகாதீங்க

786
போத்தனூர்
9 ஜூன் 2024

அன்புத் தங்கை ரூத்துக்கு, அண்ணன் சின்னப்பராஜ் ஆசி கூறிச் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம். இடுப்பில் வைத்த கம்பி, மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது. மற்றபடி குறையில்லை. உன் காதைப் பற்றிக் கேட்பது வீண். முழங்கால் எப்படி இருக்கிறது?

எனக்குக் கடிதம் எழுதித் தரும் தபால்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். இதை எழுதுவது பக்கத்து வீட்டு சாஜிதா பேகம், தையல்காரி. "அண்ணா, நீங்க பேசற மாதிரியே எழுதினா உங்க தங்கச்சி சிரிச்சுப்போடுவாங்க. நான் புஸ்தகத்துல இருக்கற மாதிரி எழுதறனுங்க" என்கிறாள். நான் சொல்வதை எழுதுகிறாளா, தான் நினைப்பதை எழுதுகிறாளா என்று எழுத்து தெரியாத எனக்கு எப்படித் தெரியும்? இதையும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது. சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

சாஜிதா தைக்கும்போது போனில் யாரையாவது பேசவிட்டுக்கொண்டே தைப்பாள். கோயமுத்தூரில் நிழற்கூடம் என்று ஒரு சின்னத் தியேட்டர் இருக்கிறதாம். பெரிய கம்பெனிப் படங்கள் அங்கே வராது. பழைய படம், வேற்று நாட்டுப் படம், நாலு நாளில் மற்ற தியேட்டர்களில் தூக்கிவிட்ட படம், இப்படிப் போடுகிறவர்கள். வாரம் ஒரு பேச்சு நிகழ்ச்சியும் விடுகிறார்கள். பாட்காஸ்ட் என்று பெயர். ரேடியோ மாதிரிதான், ஆனால் அது நமக்காகக் காத்திருக்கும். சைத்ரா என்று ஒரு பெண், யஷ்வந்த் என்று ஒரு பையன். ஒரு பழைய படத்தையும் ஒரு புதுப் படத்தையும் எடுத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அவனுக்கு எல்லாவற்றிலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதுதான் கவலை. "வெளிச்சம் கெடக்குது, அந்தப் பொம்பள ஏன் அழுவறா, அதச் சொல்லு" என்பாள் அவள். எனக்கு அவள் கட்சி.

கடைசியில் 'கொட்டகைச் சத்தம்' என்று ஒரு பகுதி. அந்தக் காலத்தில் சிலர் டேப்ரிக்கார்டரைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோய், ஓடுகிற படத்தின் வசனத்தைக் கொட்டகையிலேயே பிடித்துவருவார்கள் அல்லவா? அந்தக் கேசட்டுகளை வாங்கி ஒலிபரப்புகிறார்கள். வசனத்துக்காக அல்ல, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் சத்தத்துக்காக. இருமல், விசில், முறுக்குக் கடிக்கிற ஓசை.

போன ஞாயிறு நான் சாஜிதா வீட்டில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மிஷின் நிற்காமல் ஓடியது. போனில் ஏதோ ஒரு படம். பேய் பங்களா. கதாநாயகி விளக்கோடு மாடிப்படி ஏறுகிறாள் போல. படி கிறீச்சிடுகிறது. அப்போது கொட்டகை இருட்டிலிருந்து ஒரு ஆள்:

"ஏனுங்க, அங்க போகாதீங்க!"

கொட்டகையே சிரித்தது. என் கையிலிருந்த சட்டை விழுந்துவிட்டது.

ரூத்து, அது மெல்வின். உன் வீட்டுக்காரர். பேய்ப் படத்தில் மற்றவர்கள் 'போகாதடி' என்று கத்துவார்கள். திரையில் இருக்கிறவளுக்கும் மரியாதை கொடுத்துக் கும்பிடாத குறையாக எச்சரிக்கிற மனுஷன் இந்த உலகத்தில் ஒருவர்தான். உங்கள் கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோது இங்கே போத்தனூர் டாக்கீசில் அதையேதான் கத்தினார். நீ வெட்கத்தில் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாய். பச்சைச் சேலை, ஓரத்தில் மாங்காய்.

அந்த ஒரு வரியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். அவரேதான். அதற்குள் சீருடை வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உன் பதில் வரும் வரை நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணன்
சின்னப்பராஜ்

*

மாதா துணை
மேட்டுப்பாளையம்
17 ஜூன் 2024

அன்பு அண்ணனுக்கு ரூத்து எழுதுவது. நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். அது தைலத்தைக் குடித்துவிட்டு அப்படியே இருக்கிறது. நீங்கள் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தின் தலையில் 786 என்று இருந்தது. நம் அம்மா இருந்திருந்தால் தீர்த்தம் தெளித்துத்தான் பிரித்திருப்பாள். சாஜிதா கண்ணு, இதை நீதானே அண்ணனுக்கு வாசிக்கிறாய், சங்கடப்படாதே. நீ அந்தப் பக்கம் 786 போடு. நான் இந்தப் பக்கம் மாதாவைப் போடுகிறேன். தபால் எப்படியும் வந்து சேரும்.

அண்ணா, உட்காரச் சொன்னீர்கள். நான் வாசல் கேட்டருகே நின்றே படித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

அவர் முகம் எனக்கு இருக்கிறது. போட்டோ இருக்கிறது. குரல் போய்விட்டது. காது அடைத்த பிறகு, உள்ளே இருந்த குரல்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவர் சொன்ன சொற்கள் நினைவிருக்கின்றன, சொன்ன விதம் இல்லை. 'சாயங்காலம் ஒரு படம் பாத்துட்டு வாரேன்' என்று பஸ் ஏறிப் போனவர். போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில் பாதை என்று நீங்கள் தேடாத இடமில்லை. நாற்பது வருடம் தாண்டிவிட்டது. உடலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

உங்களுக்குக் கேட்கும், படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், கேட்காது. ஒரு ஆளுக்கு உண்டானதை ஆண்டவர் நமக்கு ஆளுக்குப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். உங்கள் பாதியை எனக்கு ஒழுங்காக அனுப்புங்கள். என்ன படம்? எந்த ஊர்க் கொட்டகை? கத்திவிட்டுச் சிரித்தாரா? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

இன்னொன்று. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள் அல்லவா? மெல்வின் பெயரைத் தரட்டுமா என்று பங்குச் சாமியார் இந்த வருடமும் கேட்டார். வருடா வருடம் இல்லை என்றுதான் சொல்லிவந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போய்ச் சில வருடம் கழித்து, கருமத்தம்பட்டி மாதா தேருக்குப் போயிருந்தபோது, தேர் நிலைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனேன். திருநாள் என்று தறிகளை நிறுத்தியிருந்தார்கள். சந்து வெறிச்சென்று இருந்தது. அப்போது அந்தக் குரலைக் கேட்டேன். அதே வார்த்தை. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஓடி வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதற்கு, தனியாக இருந்து மூளை குழம்பிவிட்டது என்று என்னை மந்திரிக்கக் கூட்டிப்போனீர்கள்.

அன்றிலிருந்து, அவர் செத்து ஆவியாகச் சொன்னாரா, உயிரோடு எங்கோ இருக்கிறாரா என்று எனக்கு முடிவில்லை. ஆனால் எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. நான் போன பிறகு அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றப் பிள்ளையா குட்டியா? இந்த வருடம் பெயரைத் தந்துவிடலாமா என்று இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

தலைக்குத் துண்டு கட்டாமல் பனியில் உட்கார வேண்டாம்.

தங்கை
ரூத்

*

786
போத்தனூர்
26 ஜூன் 2024

அன்புத் தங்கை ரூத்துக்கு. நலம், நலமறிய ஆவல். மாத்திரை போடுகிறேன். போடாவிட்டாலும் சாஜிதா உனக்கு எழுதிவிடுவாள் என்ற பயம் வந்துவிட்டது.

பெயரைக் கொடுக்காதே. உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தால், அது நாமே மண் அள்ளிப் போடுவது. நம் அப்பா சாகும்போதும் உன்னிடம் இதைத்தான் சொன்னார். அவரை அடக்கம் பண்ணிய பிறகும் அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குரல் என் காதுக்கு வந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

என்ன படம் என்று இன்னும் தெரியவில்லை. அன்று மிஷின் சத்தத்தில் முன்னும் பின்னும் கேட்கவில்லை. சீருடை வேலை முடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு முழுதாகப் போடுகிறேன் என்கிறாள். "ஏனுங்கண்ணா, அது ஓடிப்போயிருமா? அங்கயேதானுங்க இருக்கும்" என்கிறாள். அவளுக்கு அது போனில் இருக்கிறது. எனக்கு வீடு முழுக்க இருக்கிறது. குளிக்கிற இடத்தில் ஒரு படி இறங்க வேண்டும். காலை வைக்கப் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால், ஏனுங்க, அங்க போகாதீங்க. நேற்று காலை எடுத்துவிட்டுக் குளிக்காமலே வந்துவிட்டேன்.

இந்த வாரம் சைத்ராவும் யஷ்வந்தும் ஒரு புதுப் படத்தைப் பற்றிப் பேசினார்கள். இப்போதெல்லாம் கொட்டகையில் யாரும் வாயைத் திறப்பதில்லை, ஆளாளுக்குப் போனைப் பார்க்கிறார்கள் என்று அவள் குறைப்பட்டாள். "அமைதியா பாத்தா நல்லதுதான?" என்றான் அவன். "நீ சாவு ஊட்லயே படம் போட்டுக்க" என்றாள். சாஜிதா ஊசியில் விரலைக் குத்திக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

முழுதும் கேட்டதும் எழுதச் சொல்கிறேன். முழங்காலுக்குத் தைலத்தோடு ஒத்தடமும் கொடு.

அண்ணன்
சின்னப்பராஜ்

*

மாதா துணை
மேட்டுப்பாளையம்
4 ஜூலை 2024

அன்பு அண்ணனுக்கு. நான் நலம். குளிக்கிற இடத்துப் படியில் சாக்கு போட்டுவையுங்கள். குரலுக்கு இல்லை, வழுக்காமல் இருக்க.

நீங்கள் சொன்னபடி சாமியாரிடம், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னோடு படம் பார்க்கும்போது நான் பயந்தால் என் கையைப் பிடிக்க மாட்டார். அதற்குப் பதிலாக அப்படிக் கத்துவார். கொட்டகை சிரிக்கும், என் பயம் போய்விடும். அவர் போன பிறகு நான் ஒரு கொட்டகைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. அண்ணா, அவர் கத்தினபோது அந்தக் கேசட்டில் பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிறாளா என்று கேட்டுச் சொல்லுங்கள். அது நானாக இருக்கும். என் சிரிப்பும் எனக்கு மறந்துவிட்டது.

பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

ரூத்

*

மாதா துணை
மேட்டுப்பாளையம்
12 ஆகஸ்ட் 2024

அன்பு அண்ணனுக்கு. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஏதாவது என்றால் சாஜிதாவாவது ஒரு வரி போட்டிருப்பாள். தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவருக்கே பாவமாக இருக்கிறது.

முழுதும் கேட்டீர்களா? கேட்டுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரூத்

*

786
போத்தனூர்
30 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு. நலம்.

மெல்வின் பெயரைச் சாமியாரிடம் கொடுத்துவிடு. கல்லறைத் திருநாளுக்கு வாசிக்கட்டும். யோசித்துப் பார்த்தேன், அதுதான் நல்லது. ஒரு மனுஷன் இத்தனை வருடம் வரவில்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

கேசட்டில் வேறு ஒன்றும் இல்லை. படத்தின் பெயரைச் சொன்னார்கள், மறந்துவிட்டேன். பெண் யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருடம் கருமத்தம்பட்டி தேருக்குப் போகாதே. கூட்டம் அதிகம், உன் முழங்காலுக்கு ஆகாது. அங்கே போகாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னப்பராஜ்

*

மாதா துணை
மேட்டுப்பாளையம்
7 செப்டம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீங்கள் சொன்னால் சரிதான். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தங்கை ரூத்.

சாஜிதா கண்ணு, அண்ணனுக்கு வாசிப்பதை இதோடு நிறுத்திக்கொள். மீதி உனக்கு.

என் கல்யாணப் பந்தியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் சொல்கிற மனுஷனுக்கு ஒரு சினிமாப் பெயர் மறந்துவிட்டதாம். கொடுக்காதே, கொடுக்காதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் கொடு என்கிறார். மெல்வின் இறந்துவிட்டார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அது அவருக்கு எப்படித் தெரிந்தது? கேசட்டைப் பற்றிக் கேட்டால் கருமத்தம்பட்டிக்குப் போகாதே என்கிறார். நான் முழங்காலோடுதான் இத்தனை வருடமும் போய்வருகிறேன்.

உன் அண்ணன்மார் யாராவது உன்னிடம் இப்படி மறைத்தால் நீ என்ன செய்வாய்? அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது, கண்ணு?

*

786
போத்தனூர்
14 செப்டம்பர் 2024

ரூத் அக்காவுக்கு சாஜிதா பேகம் எழுதுவது. நீங்கள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டேன். "அவ்வளவுதானா?" என்று அண்ணன் கேட்டார். அவ்வளவுதானுங்க என்றேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன எழுத்து இருக்குது, நீ ரெண்டு வார்த்த வாசிக்கற?" என்றார். உங்க தங்கச்சி பெரிசு பெரிசா எழுதியிருக்காங்க என்று சமாளித்தேன். எழுத்து தெரியாதவர்தான், ஏமாளி இல்லை.

அக்கா, ஜூலையில் நாங்கள் முழுதும் கேட்டுவிட்டோம். கேட்டு முடித்ததும் என் தலைமேல் கை வைத்து, "ரூத்துக்கு இத எழுத மாட்டேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். வாக்கை மீற என்னால் முடியாது. அன்றிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் வந்து அதைப் போடச் சொல்வார். அந்தக் குரல் வந்ததும், "போதும், நிறுத்து" என்பார். அதற்கு மேல் போகவிட மாட்டார். ராத்திரி தூக்கத்தில் அந்த வார்த்தையை அவரே சொல்வது எங்கள் சுவர் வரைக்கும் கேட்கிறது.

நான் எழுதக் கூடாது, அவ்வளவுதான். நிழற்கூடத்துக்காரர்கள், கேட்கிறவர்கள் போடும் கடிதங்களுக்குப் பதில் சொல்வார்கள். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். விலாசம் எழுத மாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்காக துஆ செய்கிறேன்.

சாஜிதா

*

786
போத்தனூர்
9 அக்டோபர் 2024

அன்புத் தங்கை ரூத்துக்கு.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சைத்ராவும் யஷ்வந்தும் ஒரு படத்தைப் பற்றிப் பேசி முடித்தார்கள். பிறகு அவள், "மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கடிதம்" என்றாள். வாசிக்க ஆரம்பித்தாள். 'உங்கள் நிகழ்ச்சியை நான் கேட்டதில்லை, இனிமேலும் கேட்க முடியாது. எனக்குக் காது கேட்காது.' அந்த முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாஜிதா மிஷினை நிறுத்திவிட்டாள்.

இத்தனை காலம் உன் கடிதத்தை யாராவது எனக்கு வாசிப்பார்கள், நீ என்னிடம் பேசுவதுபோல இருக்கும். அன்று நீ ஊரிடம் பேசினாய், நான் மூலையில் உட்கார்ந்து கேட்டேன். 'அந்தக் குரலுக்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்று எழுதி அனுப்புவீர்களா? என் அண்ணன் எதையும் மறக்காதவர். இதை மட்டும் மறந்துவிட்டேன் என்கிறார்.' வாய் ஓயாத அந்தப் பையன், கேசட்டைக் கொடுத்தவரின் சம்மதம் கேட்டு எழுதுகிறோம் என்றான், அவ்வளவுதான்.

அவர்கள் எழுதுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். சாஜிதா, உன் தலைமேல் வைத்த கையை எடுத்துவிட்டேன். எழுது.

மெல்வின் கத்துகிறார். கொட்டகை சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியதும், அவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழந்தை, பெண் குழந்தை:

"அவங்களுக்குக் கேக்காதுங்கப்பா."

அதற்கு அவர், "கேக்கும் கண்ணு. சொல்லிப்போட்டா கேக்கும்" என்கிறார்.

அவ்வளவுதான். அந்தப் படம் அவர் உன்னை விட்டுப் போய் ஆறேழு வருடம் கழித்து வந்த படம். கேசட்டைக் கொடுத்தது அந்தக் குழந்தைதான். இப்போது நாற்பது வயதுப் பெண், ஃபெமினா என்று பெயர். அவள் பேசியதையும் போட்டார்கள். "எங்கம்மாவுக்கு நடக்க முடியாதுங்க. படுத்தபடுக்கை. அவங்களும் படம் பாத்த மாதிரி இருக்கோணும்னு அப்பா டேப்ப மடியில வெச்சுப் பிடிச்சுட்டு வருவாருங்க. அம்மா காலமாயிட்டாங்க. அப்பாவும் இந்தத் தை மாசம் போயிட்டாரு" என்றாள். ஊர் எது என்று கேட்டார்கள். கருமத்தம்பட்டி என்றாள். தேர் நிலைக்குப் பின்னால் சந்து, அப்பா தறி ஓட்டினார் என்றாள்.

ரூத்து, அன்று சந்தில் நீ கேட்டது மூளையில் அல்ல, காதில்தான்.

பிள்ளை இல்லை என்று உன்னை யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பது ஒன்றுவிடாமல் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குழந்தையின் குரலை நான் எப்படி உனக்குச் சொல்லி எழுதச் சொல்வேன்? அவர் இறந்தது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும், மற்றது என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அந்த ஊருக்கு நீ போகக் கூடாது என்று நினைத்தேன்.

தேருக்குப் போகவில்லை என்று நீ சாஜிதாவுக்கு எழுதியிருந்தாயாம். இப்போதுதான் சொல்கிறாள்.

உனக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாயா? ஒரு வரி போடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

அண்ணன்
சின்னப்பராஜ்

*

மாதா துணை
மேட்டுப்பாளையம்
4 நவம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு ரூத்து எழுதுவது. தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். உங்களைத் திட்டவில்லை. பதில் எழுதாதது கோபத்தால் அல்ல, என்ன எழுதுவது என்று தெரியாமல்தான். சாஜிதா கண்ணு, இன்றைக்கு எல்லாவற்றையும் வாசி. எங்கும் நிறுத்தாதே.

மெல்வின் பெயரை இங்கே சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். கல்லறைத் திருநாள் அன்று காலைப் பூசையில் வாசித்தார்கள். சாமியாரின் உதடு அசைவதைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் அன்னூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கருமத்தம்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். எல்லாரும் அவரவர் கல்லைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து செவ்வந்தி போட்டிருந்தார்கள். புதுக் கல்லாகப் பார்த்துக்கொண்டே போனேன். கிடைத்தது. போட்டோ பதித்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, யாரோ ஒரு தாத்தா. எனக்குத் தெரிந்த ஆளை அந்த முகத்தில் தேட வேண்டியிருந்தது. காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்திலேயே பழைய கல் ஒன்று. குழந்தையம்மாள் என்று இருந்தது. எந்தக் கோவிலில், எந்தச் சாமியார், எப்படி இந்தக் கல்யாணத்தை மந்திரித்து வைத்தார் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அந்த அம்மாளுக்காக அவர் இருட்டில் டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். எனக்குப் பொறாமை வந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்குக் காது போன பிறகு எந்தப் படத்தின் கதையையும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரு பெண் வந்து மெழுகுவத்தி ஏற்றினாள். அவர் காது அவளுக்கு அப்படியே இருந்தது. நிமிர்ந்து என்னிடம் ஏதோ கேட்டாள். "எனக்குக் காது கேக்காதுங்க கண்ணு" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போனை எடுத்துப் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள்: 'பாட்காஸ்ட்டுக்கு லெட்டர் போட்டவங்க நீங்களா?' தலையை ஆட்டினேன். நிழற்கூடத்துக்காரர்கள் அவளிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். யார், என்ன என்று அவளாகவே பாதி ஊகித்திருக்கிறாள். மீதியை நான் சொன்னேன். கல்யாணம் பண்ணி ஏழு வருடம் என்னோடு இருந்தார் என்றேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வெகு நேரம் அடித்தாள், அழித்தாள். கடைசியில் காட்டியது இதுதான்: 'அப்பா உங்களப் பத்திச் சொன்னதே இல்லைங்கம்மா. ஆனா தேர் அன்னிக்கு மட்டும் ஊட்ட விட்டு வெளிய வர மாட்டாரு. மாதா தெருவுல வரும்போதுகூட கதவச் சாத்திக்குவாரு. ஏன்னு கேட்டா அழுவாரு.'

நான் வருடா வருடம் அந்த மாதாவிடம்தான் அவரைத் திருப்பிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேயும் காலையில் அவர் பெயரை வாசித்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு ஊரில் பூசை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவக் கணக்குக் கேட்கும்போது அவர் எப்படி விளக்கம் சொல்கிறாரோ தெரியாது.

'கேசட்டப் போட்டுக் காட்டட்டுங்களா?' என்று ஃபெமினா அடித்துக் காட்டினாள். காட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அண்ணா. அவளுடைய சின்ன வயதுக் குரலையே நீங்கள் கேசட்டில் கேட்டிருக்கிறீர்கள்.

'ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போவீங்க' என்று அடித்துக் காட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனாள்.

அதே சந்து. தண்ணீர்க் குழாய் அதே இடத்தில் இருக்கிறது. மூன்றாவது வீடு. தறி ஓடுவது செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் தெரிந்தது. அன்று நான் திரும்பி ஓடிய இடம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. ஃபெமினாவும் நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணா. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

உள்ளே போனேன்.

உங்கள் தங்கை
ரூத்